மீட்டியோர் 350 எடுக்கலாமா? கால் எட்டுமான்னு கேட்ட தங்கச்சிக்கு

கால் எட்டுமா, 191 கிலோவை சமாளிக்க முடியுமா, முதுகு வலி வருமான்னு மூணு கேள்வி கேட்டிருக்கீங்க மா. உயரம் 5 அடி 2 இன்ச், எட்டு வருஷமா ஸ்கூட்டர் மட்டும் தான், தாம்பரத்துல இருந்து மறைமலை நகருக்கு தினமும் வேலைக்கு, மாசம் ரெண்டு தடவை திருவண்ணாமலைல அம்மா வீட்டுக்கு, மனசு ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 மேல நிக்குது, வீட்டுல "இந்த உடம்புக்கு இந்த வண்டியா"ன்னு கேக்குறாங்கன்னு எழுதியிருந்தீங்க. எனக்கு உயரம் 5 அடி 3, எடை 58 கிலோ, 2021 பிப்ரவரில இதே வண்டியை எடுத்தேன், இப்ப 46 ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிடுச்சு. கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ரெண்டு லட்சத்துக்கு மேல போடுற காசு, அவசரமா ஒரு வரில சொல்லிட்டு போக மனசு வரல.

முதல்ல ஒண்ணை பிரிச்சு பாத்துக்கங்க, ரெட்ரோ வேற, குரூசர் வேற. உருண்டை ஹெட்லைட்டு, சொட்டு மாதிரி வழிஞ்சு வர்ற டேங்க்கு, குரோம் பளபளப்பு, இதெல்லாம் ரெட்ரோ, கண்ணு பாத்து ஆசைப்படுற சமாச்சாரம். குரூசர்ங்கறது நாம உக்கார்ற விதம். சீட்டு தாழ்வா இருக்கும், ஹாண்டில்பார் நம்ம கைக்கு கிட்ட வந்து நிக்கும், ஃபுட்ரெஸ்ட் இடுப்புக்கு நேர் கீழ இல்லாம முன்னாடி தள்ளி இருக்கும், நாற்காலில சாயாம நிமிந்து உக்காந்து காலை கொஞ்சம் நீட்டிக்கிட்ட மாதிரி. அதே கம்பெனியோட கிளாசிக் 350யும் ரெட்ரோ தான், ஆனா அது குரூசர் கிடையாது, அதுல சீட்டு உயரம் 805 மில்லிமீட்டர், காலும் நேரா கீழ தான் வரும். உங்க உயரம், எடை, முதுகு மூணுக்கும் பதில் இந்த உக்கார்ற விதத்துல தான் இருக்கு, அதனால தான் இதை முதல்லயே சொல்றேன்.

இந்த உக்கார்ற முறை நம்ம ஊர்ல பொறந்தது இல்ல. அமெரிக்கால ஹார்லி டேவிட்சன், இந்தியன் மாதிரி கம்பெனிங்க நாள் முழுக்க நேரா போற அகல ரோட்டுக்கு பழக்கப்படுத்தின முறை அது. இங்க 2001 வாக்குல கவாசாகி பஜாஜ் எலிமினேட்டர்னு ஒரு 175 சிசி வண்டி வந்துச்சு, அப்புறம் யமஹா என்டைசர், ராயல் என்ஃபீல்டு தண்டர்பேர்டு, 2005ல பஜாஜ் அவெஞ்சர். தண்டர்பேர்டை நிறுத்திட்டு அந்த இடத்துக்கு 2020 நவம்பர் 6ஆம் தேதி இறக்கினது தான் மீட்டியோர். பேரு மட்டும் பழசு, இங்கிலாந்துல ரெட்டிச்ங்கற ஊர்ல இருந்த அந்த காலத்து கம்பெனி 1952லயே மீட்டியோர் 700னு ரெண்டு சிலிண்டர் வண்டி விட்டிருக்கு, அதுக்கும் இதுக்கும் பேரைத் தவிர வேற உறவு கிடையாது.

பழைய வண்டின்னா என்னன்னு எனக்கு காட்டினது எங்க பெரிய மாமா. கும்பகோணத்துல அவர்கிட்ட ஒரு வார்ப்பு இரும்பு எஞ்சின் புல்லட் இருந்துச்சு, கியர் வலது கால்ல, பிரேக் இடது கால்ல. காலைல அதை ஸ்டார்ட் பண்றதை நான் திண்ணைல உக்காந்து பாப்பேன். சாவி போட்டதும் ஹெட்லைட்டு மேல இருக்கற அம்மீட்டர் முள்ளு மைனஸ் பக்கம் சாயும், மாமா கிக்கரை மெதுவா மிதிச்சுக்கிட்டே அந்த முள்ளையே பாப்பார், முள்ளு நடுவுக்கு வந்து நின்னதும் இடது கை பக்கம் இருக்கற, எஞ்சினுக்குள்ள அழுத்தத்தை வெளிய விடுற சின்ன டீகம்ப்ரஸர் லிவரை பிடிச்சு கிக்கரை இன்னும் ஒரு துளி இறக்கி, லிவரை விட்டுட்டு, அப்புறம் தான் முழு உடம்பு கனத்தையும் போட்டு ஒரே மிதி. முள்ளு நடுவுக்கு வராம அவசரப்பட்டு மிதிச்சா கிக்கர் திருப்பி அடிக்கும், அப்படி அடிச்சு அவருக்கு கணுக்கால் வீங்கினதையும் பாத்திருக்கேன். மீட்டியோர்ல இதெல்லாம் ஒண்ணும் கிடையாது, கிக்கரே கிடையாது, பட்டனை தொட்டா ஃபியூயல் இன்ஜெக்ஷன் எஞ்சின் மார்கழி விடியக்காலைல கூட உடனே பிடிச்சுக்கும். பழசோட முகம் இருக்கு, பழசோட தொல்லை இல்ல. இதை குறைன்னு சொல்றவங்க உண்டு, எனக்கு அப்படி தோணல, தினம் வேலைக்கு போறவங்களுக்கு காலைல ஒரே பட்டன்ல வண்டி கிளம்பணும்.

சென்னையோட தொடர்பையும் சொல்லணும், நீங்க வேலை பாக்குற இடத்துக்கு பக்கத்துலயே நடக்குற விஷயம் தான். 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸோட சேந்து என்ஃபீல்டு இந்தியான்னு ஆரம்பிச்சு திருவொற்றியூர்ல புல்லட் போட ஆரம்பிச்சாங்க, இங்கிலாந்து கம்பெனி மூடினப்புறமும் இங்க மட்டும் நிக்காம ஓடிக்கிட்டே இருந்துச்சு. 1994ல ஐஷர் கைக்கு போச்சு, 2013ல ஒரகடம், 2017ல வல்லம் வடகால்னு புது ஃபேக்டரிங்க வந்துச்சு. சிங்கப்பெருமாள் கோவில்ல இருந்து ஒரகடம் திரும்புற ரோட்டுல போனீங்கன்னா புது வண்டிங்களை ஏத்திக்கிட்டு போற பெரிய லாரிங்களை நீங்களே பாத்திருப்பீங்க. மீட்டியோர் எஞ்சினை சென்னைல இருக்கற டீமும் இங்கிலாந்துல லெஸ்டர்ஷயர் பக்கம் இருக்கற அவங்க டெக்னாலஜி சென்டரும் சேந்து புதுசா வரைஞ்சது, பழைய தண்டர்பேர்டு எஞ்சினை தட்டி நிமித்தினது இல்ல.

அந்த எஞ்சினை பத்தி கொஞ்சம் சொல்றேன், இது புரிஞ்சா தான் வண்டி ஓட்டுற வேகமும் புரியும். 349 சிசி, ஒரே சிலிண்டர், காத்தும் ஆயிலும் சேந்து குளிர வைக்குற முறை, பிஸ்டன் குறுக்களவு 72 மில்லிமீட்டர் ஆனா அது மேல கீழ போற தூரம் 85.8 மில்லிமீட்டர். அகலத்தை விட ஓட்டம் நீளமா இருக்கற இந்த மாதிரி எஞ்சின் அதிக சுத்துல கத்தாது, கீழ சுத்துலயே நல்லா இழுக்கும். டார்க், அதாவது இழுவை, 27 நியூட்டன் மீட்டர், அது 4000 ஆர்பிஎம்லயே வந்துடும், பவர் 20 குதிரை சக்தி தான், அது 6100ல. எண்ணிக்கையை பாத்துட்டு "இவ்ளோ சிசிக்கு இவ்ளோ தானா"ன்னு ஆபீஸ்ல யாராவது கேப்பாங்க, கண்டுக்காதீங்க. மேம்பாலத்துல மூணாவது கியர்லயே போட்டு ஏறும்போது, பின்னாடி ஆளும் பையும் இருக்கும்போது, அந்த இழுவை எங்க இருந்து வருதுன்னு உங்களுக்கே தெரியும். ஒரே பெரிய பிஸ்டன் மேல கீழ போனா வண்டியே ஆடும், பழைய புல்லட்ல கண்ணாடில பின்னாடி வர்ற வண்டி கலங்கலா தெரியும், இதுல அந்த ஆட்டத்துக்கு எதிரா சுத்துற ஒரு பேலன்சர் ஷாஃப்ட் வெச்சிருக்காங்க, அதனால 80, 85 வரைக்கும் கண்ணாடி தெளிவா இருக்கும், 100க்கு பக்கத்துல போனா ஃபுட்ரெஸ்ட்ல லேசா துடிப்பு தெரிய ஆரம்பிக்கும். நாலு வழிச் சாலைல டூவீலருக்கு மத்திய அரசு வெச்ச உச்ச வேகமே 80 தான், இந்த வண்டிக்கு சுகமான வேகமும் அதுவே தான். 110ல பறக்கணும்னு ஆசை இருந்தா இது உங்க வண்டி இல்ல மா, வேற எடுங்க.

இப்ப உயரம். சீட்டு உயரம் 765 மில்லிமீட்டர், நீங்க இப்ப ஓட்டுற ஸ்கூட்டர் சீட்டும் கிட்டத்தட்ட அதே அளவு தான் இருக்கும், கம்பெனி பேப்பர்ல பாருங்க. ஆனா எண்ணு ஒண்ணா இருந்தாலும் கால் இறங்குற விதம் வேற. மீட்டியோர் சீட்டு அகலம், தொடை ரெண்டு பக்கமும் விரிஞ்சு தான் இறங்கும், அது போக முன்னாடி தள்ளி இருக்கற ஃபுட்ரெஸ்ட் நம்ம கால் தரையை தொடப் போற பாதைல நேரா நிக்கும். முதல் வாரம் எனக்கு ரெண்டு முழங்கால் கீழயும் கெண்டைக்கால் முன்பக்கம் நீலம் பூத்து இருந்துச்சு, சிக்னல்ல நிறுத்தும் போதெல்லாம் அந்த கம்பில இடிச்சு இடிச்சு. காலை ஃபுட்ரெஸ்ட்டுக்கு பின்னாடி இறக்கணும்னு பழகிட்டா அது போயிடும், எனக்கு ஒரு பத்து நாள் ஆச்சு. உங்க உயரத்துக்கு ரெண்டு குதிகாலும் ஒட்டு மொத்தமா படியாது, முன்பாதம் நல்லா படியும், அது போதும். எப்பவும் இடது கால் மட்டும் இறக்குங்க, வலது கால் பின் பிரேக் மேலயே இருக்கட்டும், மேட்டுல நிறுத்தினா இந்த பழக்கம் தான் காப்பாத்தும்.

எடை தான் உண்மையான விஷயம். ஸ்கூட்டர் நூத்து சொச்சம் கிலோ, இது 191. ஓடும்போது எடை தெரியாது, மணிக்கு அஞ்சு கிலோமீட்டர்ல இருந்து பூஜ்யம் வரைக்கும் தான் தெரியும், அதாவது பார்க்கிங்ல, யூ டர்ன்ல, பெட்ரோல் பங்க்குல, வீட்டு வாசல் சரிவுல. தள்ளும்போது வண்டியை நிமித்தி வெச்சு கை ரெண்டாலயும் தாங்காதீங்க, லேசா உங்க இடுப்பு பக்கம் சாய்ச்சு வெச்சுக்கிட்டு, இடது கை ஹாண்டில்பார், வலது கை பின்னாடி இருக்கற கைப்பிடி கம்பி, இடுப்பால தள்ளுங்க, எடை உங்க மேல சாஞ்சு நிக்குமே தவிர எதிர் பக்கம் போகாது. பார்க்கிங்ல மூக்கை பள்ளத்து பக்கம் விட்டு நிறுத்தாதீங்க, திரும்ப பின்னாடி இழுக்க முடியாது, பின் சக்கரம் பள்ளத்துல இருக்கற மாதிரி நிறுத்தி முதல் கியர்ல போட்டு வைங்க. சென்டர் ஸ்டாண்டு போடுறதுக்கு கையில பலம் தேவையே இல்ல, ஸ்டாண்டோட ரெண்டு காலும் தரையை தொட்டிருக்கான்னு வண்டியை ஆட்டிப் பாத்துட்டு ஸ்டாண்டு மிதிப்புல உங்க மொத்த எடையையும் ஏத்தி நின்னா வண்டி தானா மேல வந்துடும். 58 கிலோ எனக்கு வந்தது உங்களுக்கும் வரும். யூ டர்னுக்கு கிளட்ச்சை பாதி பிடிச்சு, பின் பிரேக்கை லேசா அழுத்திக்கிட்டு, தலையை திரும்பப் போற பக்கம் முழுசா திருப்பி பாருங்க, முன் சக்கரத்தை பாத்தீங்கன்னா விழுவீங்க.

நான் விழுந்ததையும் சொல்லிடுறேன், அது இந்த வண்டிக்கே உரிய விழுகை. எடுத்து நாலு மாசம், ஏலகிரி, மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவு. மேல ஏறும்போது இடது பக்கம் திரும்புற வளைவு தான் இறுக்கமானது, நாம உள் பக்கம் இருப்போம், ரோடும் உள் பக்கமா சரிஞ்சிருக்கும். ஒரு வளைவுக்கு நடுவுல பஸ் ஒண்ணு இறங்கி வந்துச்சு, நான் பயந்து பிரேக்கை பிடிச்சு நிறுத்திட்டேன், இடது கால் பழக்கத்துல தரையை தேடிச்சு, ஆனா அந்த பக்கம் ரோடு நாலு விரக்கடை தாழ்வு, கால் காத்துல தான் போச்சு. அந்த நாலு விரக்கடை சாஞ்சதுக்குள்ள 191 கிலோவும் என் கைக்கு வந்துடுச்சு, தாங்க முடியல, மெதுவா கீழ விட்டேன். கிளட்ச் லிவர் நுனி வளைஞ்சுது, கிராஷ் கார்டு இருந்ததால என் கால் நசுங்கல. அங்க விழுந்தது என் தப்பு தான், வளைவுக்கு முன்னாடியே நின்னு பஸ்ஸை விட்டிருக்கணும். இப்பவும் கொல்லிமலைக்கு போனா, அங்க 70 வளைவு, ஒவ்வொரு இடது வளைவுக்கு முன்னாடியும் ஹார்ன் அடிச்சு, மேல என்ன வருதுன்னு பாத்து, முதல் கியர்ல தான் நுழையறேன். அப்புறம், ஃபுட்ரெஸ்ட் முன்னாடி தள்ளி தாழ்வா இருக்கறதால ரொம்ப சாய்ச்சீங்கன்னா அது ரோட்டுல உரசும், கறகறன்னு சத்தம் வந்தா அதுக்கு மேல சாய்க்காதீங்கன்னு அர்த்தம்.

விழுந்த வண்டியை தூக்குறது கத்துக்கங்க, யாரும் இல்லாத இடத்துல தேவைப்படும். எஞ்சினை ஆஃப் பண்ணி, கியர்ல போட்டுட்டு, வலது பக்கம் விழுந்திருந்தா முதல்ல சைடு ஸ்டாண்டை விரிச்சு வெச்சுடுங்க. முதுகை வண்டிக்கு காட்டி சீட்டு ஓரத்துல இடுப்பை முட்டுக் கொடுத்து குந்துங்க, ஒரு கை தரை பக்கம் இருக்கற ஹாண்டில்பார் பிடி, இன்னொரு கை பின்னாடி கம்பி, கையை மடக்காம குட்டி குட்டி அடியா பின்னாடி நடந்துக்கிட்டே காலால எழும்புங்க. குனிஞ்சு முன்னாடி இருந்து தூக்கினா இடுப்பு பிடிச்சுக்கும்.

முதுகு வலி வருமான்னா, வரும், ஆனா எங்க வரும்னு தெரிஞ்சுக்கணும். கால் முன்னாடி போயிடறதால உடம்பு எடை முழுக்க வால் எலும்பு மேல உக்காரும். சாதாரண பைக்குல ஸ்பீடு பிரேக்கர் வந்தா ஃபுட்ரெஸ்ட்ல அழுத்தி லேசா எழும்பிக்கலாம், குரூசர்ல அது சிரமம், கால் முன்னாடி இருக்கறதால எழுந்திரிக்க பிடிமானம் இல்ல, பள்ளத்தை அப்படியே முதுகெலும்பு வாங்கும். எனக்கு முதல் வருஷம் நல்லாவே வலிச்சுது, சீட்டு மேல தான் குறைன்னு நெனச்சு ஜெல் குஷன் எல்லாம் வாங்கினேன். கடைசில பாத்தா விஷயம் வேற. நான் வழக்கமா காத்தடிக்குற பங்ச்சர் கடைல எந்த வண்டி வந்தாலும் 40 பிஎஸ்ஐ வெச்சு விட்டுக்கிட்டு இருந்திருக்காங்க, டயர் கல்லு மாதிரி இருந்திருக்கு. இன்னொண்ணு, பின் ஷாக் அப்சார்பர்ல ஆறு படி அட்ஜஸ்ட்மென்ட் இருக்கு, நம்ம எடைக்கு கீழ் படியே போதும், யார் எப்ப திருப்பினாங்கன்னு தெரியல, என் வண்டில அது மேல் படில இருந்துச்சு. மேனுவல்ல போட்டிருக்கற காத்து அளவு, ஷாக் அப்சார்பர் கீழ் படி, இந்த ரெண்டை மட்டும் சரி பண்ணினேன், வலி பாதிக்கு மேல குறைஞ்சுது. ஆயிரம் ரூபாய்க்கு கைல வெச்சுக்குற காத்தளவு பாக்குற கருவி நல்லதாவே கிடைக்கும், வண்டியோட சேத்து அதையும் வாங்கிடுங்க. பின்னாடி அம்மாவை உக்கார வெச்சா ஷாக்கை ரெண்டு மூணு படி ஏத்துங்க, டூல் கிட்லயே அதுக்கு ஸ்பேனர் இருக்கு. உங்களுக்கு டிஸ்க் பிரச்சினை மாதிரி ஏற்கனவே ஏதாவது இருந்தா டாக்டர்கிட்ட கேக்காம எடுக்காதீங்க, அதுல யோசனையே வேண்டாம்.

உங்க திருவண்ணாமலை ரூட்டு இந்த வண்டிக்குன்னே போட்ட மாதிரி. தாம்பரத்துல இருந்து ஜிஎஸ்டி ரோடு பிடிச்சு திண்டிவனம், அங்க இருந்து செஞ்சி வழியா, எல்லாம் சேத்து 165, 170 கிலோமீட்டர். விடியக்காலை அஞ்சு மணிக்கு கிளம்பிடுங்க, செங்கல்பட்டு தாண்டினா பாலாறு பாலத்துல குறுக்குக் காத்து அடிக்கும், ஸ்கூட்டர்னா தள்ளாடும், இதுல எடை அங்க உதவிக்கு வரும். பெரிய பஸ் உரசுற மாதிரி தாண்டினாலும் வண்டி அவ்வளவா அசையாது. திண்டிவனத்துல ஒரு டீ, அதுக்கப்புறம் செஞ்சி கிட்ட வர்றப்ப ராஜகிரி மலை மேல வெயில் விழற நேரம் இருக்குல்ல, அந்த பாறைங்க எல்லாம் செம்மண் கலர்ல மாறும், நாலாவது கியர்ல அறுபதுல போய்க்கிட்டே அதை பாக்குறது... இந்த வண்டி எனக்கு ஏன் பிடிக்கும்னு யாராவது கேட்டா நான் அந்த இருபது நிமிஷத்தை தான் சொல்வேன். நிமிந்து உக்காந்திருக்கறதால சுத்தி இருக்கறது எல்லாம் கண்ணுக்கு தெரியும், குனிஞ்சு உக்கார்ற வண்டில ரோடும் மீட்டரும் மட்டும் தான். ஆனா ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை கட்டாயம் இறங்கி அஞ்சு நிமிஷம் நடங்க. நிமிந்து உக்கார்றதால நெஞ்சுல காத்து அறையும், 80க்கு மேல கழுத்து வலிக்கும், முன் கண்ணாடி வர்ற சூப்பர்நோவா மாடல் இதுக்கு நல்லது, இல்லன்னா தனியா வாங்கி மாட்டிக்கலாம். டேங்க் 15 லிட்டர், என் கைல ஹைவேல 35, ஊருக்குள்ள 31, 32 கிடைக்குது, போயிட்டு வர ஒரு டேங்க் தாராளம்.

தினசரி வேலைக்கு போறது பத்தி உங்களுக்கு இவ்ளோ சந்தோஷமா சொல்ல முடியாது. சாயங்காலம் பெருங்களத்தூர், வண்டலூர் நெரிசல்ல கிளட்ச் பிடிச்சு பிடிச்சு இடது கை மணிக்கட்டு சோர்ந்து போகும், வெயில் காலத்துல எஞ்சின் சூடு வலது காலுக்கு ஏறும், சந்து பூந்து போற வண்டியும் இல்ல. 2025 செப்டம்பர்ல வந்த புது மாடல்ல ஸ்லிப் அசிஸ்ட் கிளட்ச் வெச்சு கிளட்ச்சை லேசாக்கியிருக்காங்க, நீங்க எடுத்தா அது தான் வரும், அந்த ஒரு விஷயம் உங்க கைக்கு நல்லது. என் யோசனை, ஸ்கூட்டரை விக்காதீங்க. வாரத்துல ரெண்டு நாள் மட்டும் இதுல வேலைக்கு போங்க, மத்த நாள் ஸ்கூட்டர் இல்ல மின்சார ரயில்.

பராமரிப்புல ஸ்கூட்டர்காரங்களுக்கு புதுசா இருக்கறது செயின் தான், ஸ்கூட்டர்ல அந்த வேலையே கிடையாது. ஐநூறு, அறுநூறு கிலோமீட்டருக்கு ஒரு தடவை, மழைல ஓட்டினா உடனே. நான் ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பண்ணுவேன்: சென்டர் ஸ்டாண்டு போட்டு, பழைய பல் தேய்க்குற பிரஷ்ஷை மண்ணெண்ணெய்ல இல்ல செயின் கிளீனர்ல நனைச்சு, பின் சக்கரத்தை கையால சுத்திக்கிட்டே அழுக்கை தேய்ச்சு, பழைய பனியன் துணில துடைச்சு, 90 கிரேடு கியர் ஆயிலை செயினோட உள் பக்கம் சொட்டு சொட்டா விட்டு, ராத்திரி முழுக்க அப்படியே விட்டுட்டு காலைல மிச்சத்தை துடைச்சுடுவேன், துடைக்கலன்னா அலாய் வீல் முழுக்க கறுப்பா தெறிக்கும். பெட்ரோல் ஊத்தி கழுவாதீங்க, செயினுக்குள்ள இருக்கற ரப்பர் வளையம் கெட்டுடும். எஞ்சினை ஓட விட்டு கியர்ல போட்டு சக்கரம் சுத்தும்போது துணி வெச்சு துடைக்குறாங்க பாருங்க சில பேர், தயவு செஞ்சு அதை மட்டும் செய்யாதீங்க, விரல் போயிடும். ஈசிஆர் பக்கம் போயிட்டு வந்தா அன்னிக்கே நல்ல தண்ணில கழுவுங்க, குரோமுக்கு உப்புக் காத்து ஆகாது. சர்வீஸ் முதல் ஐநூறுல, அப்புறம் அஞ்சாயிரத்துக்கு ஒரு தடவை, அவ்ளோ தான்.

சைலன்சரை மாத்தி சத்தம் வைக்குறது பத்தி நீங்க கேக்கல, ஆனா வண்டி எடுத்த மறுநாளே யாராவது சொல்லுவாங்க. வேண்டாம் மா. சட்டப்படி பத்தாயிரம் வரைக்கும் அபராதம் இருக்கு, அதை விட, ஆஸ்பத்திரி வாசல்லயும் குழந்தை தூங்குற வீட்டு முன்னாடியும் அந்த சத்தத்தோட போறது எனக்கு பிடிக்காது. கம்பெனி சத்தமே கேக்க நல்லா தான் இருக்கு.

காசுன்னு பாத்தா 2025 செப்டம்பர் 22ல இருந்து 350 சிசி வரைக்கும் ஜிஎஸ்டி வரி 28ல இருந்து 18 சதவீதம் ஆயிடுச்சு, இது 349ங்கறதால அந்த பக்கம் வந்துடுது, 350க்கு மேல போனா 40. ரோடு டாக்ஸ், அஞ்சு வருஷ தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் எல்லாம் சேத்து கைக்கு வர்ற விலையை எழுத்துல வாங்கிக்கங்க. வேற வண்டி பாக்கணும்னா, எடை தான் பயமா இருந்தா அவெஞ்சர் 220 ஒரு தடவை உக்காந்து பாருங்க, 163 கிலோ தான், சீட்டு 737, நல்ல நிலைல செகண்ட் ஹாண்ட்லயும் கிடைக்கும். ஹோண்டா ஹைனெஸ் 181 கிலோ ஆனா சீட்டு 800, உங்களுக்கு நுனிக்கால் தான் எட்டும். சீட்டு தாழ்வுன்னு சூப்பர் மீட்டியோர் 650 பக்கம் மட்டும் இப்ப போகாதீங்க, 740 தான் உயரம், ஆனா 241 கிலோ.

ஷோரூமுக்கு போறதுக்கு முன்னாடி உங்க லைசென்ஸை எடுத்து பாருங்க. எட்டு வருஷமா ஸ்கூட்டர் மட்டும்னா அது கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் கொடுத்ததா இருக்கலாம், அப்படின்னா கியர் வண்டிக்கு எல்எல்ஆர், அதாவது பழகுநர் உரிமம், போட்டு, டெஸ்ட் கொடுத்து சேத்துக்கணும். இல்லாம ஓட்டி ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ்ல கையை விரிச்சுடுவாங்க. எல்எல்ஆர் வந்ததும் தெரிஞ்சவங்க யார்கிட்டயாவது 100, 125 சிசி கியர் வண்டி வாங்கி, கூட லைசென்ஸ் இருக்கறவங்களை வெச்சுக்கிட்டு ஒரு மாசம் கிளட்ச் பழகுங்க. மீட்டியோர்ல கியர் லிவர் முன்னும் பின்னும் ரெண்டு பக்கமும் இருக்கும், குதிகாலால மிதிச்சா மேல் கியர், முன்பாதத்தால மிதிச்சா கீழ் கியர், ஷூவும் தேயாது.

அப்புறம் டெஸ்ட் ரைடு. தெருமுனை வரைக்கும் போயிட்டு வான்னு அஞ்சு நிமிஷம் கொடுப்பாங்க, அதுல எல்லாமே சுகமா தான் இருக்கும், அதை வெச்சு முடிவு பண்ணாதீங்க. முழுசா ஒரு மணி நேரம் கேளுங்க, கொடுக்கலன்னா வாடகைக்கு கொடுக்குற கடைல ஒரு நாளைக்கு எடுத்துடுங்க, ஆயிரத்து சொச்சம் ஆகும். எடுத்ததும் முதல்ல டயர் காத்து எவ்ளோ இருக்குன்னு பாருங்க. கொஞ்சம் ஜிஎஸ்டி ரோடு, கொஞ்சம் நெரிசல், அப்புறம் வேணும்னே உங்க ஏரியாலயே மோசமான ஒரு ரோட்டுல ஓட்டுங்க, சரிவுல நிறுத்தி இடது காலை இறக்கிப் பாருங்க, வீட்டு வாசல்ல கொண்டு வந்து நீங்களே தள்ளி உள்ள விட்டுப் பாருங்க. மறுநாள் காலைல எழுந்திருக்கும்போது எங்க வலிக்குதுன்னு குறிச்சு வெச்சு எனக்கு எழுதுங்க. மணிக்கட்டா, தோளா, வால் எலும்பான்னு சொன்னீங்கன்னா எதை எப்படி மாத்தணும்னு சொல்றேன்.